படிக்கட்டைத் தொடக் கூடாது

அந்தக் குடியிருப்பை ரயில்வே கம்பெனி தன் ஆட்களுக்காகக் கட்டி நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எல்லாமே செங்கல் வீடுகள், ஒரே மாதிரி ஓட்டுக்கூரை, ஒரே மாதிரி பச்சை ஜன்னல். வார நாட்களில் குடியிருப்பில் பாதிப்பேர் நகரத்துக்கு வேலைக்கு ரயிலேறுவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் நகரத்துக்காரர்கள் வேடிக்கை பார்க்க இங்கே ரயிலேறி வருவார்கள்.

லிஃப்ட்காரர் அங்கேயே பிறந்தவர். நகரத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. அவர் மனைவி குடியிருப்பின் ஸ்டேஷனிலேயே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே டிக்கெட் அக்கா. அந்தக் கவுண்டரில்தான் பழக்கமே.

"தினமும் வரிசையில நிக்கிறீங்களே, மாசப் பாஸ் எடுத்துக்க வேண்டியதுதானே?" என்று அவள் ஒருநாள் கடிந்துகொண்டாள்.

"பாஸ் எடுத்தா மாசத்துக்கு ஒரு தடவைதானே உங்களைப் பார்க்க முடியும்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்ததில் அவள் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு லிஃப்ட்காரரின் அப்பா வீட்டைப் பிரித்தபோது மூத்தவரான அவருக்கு மாடி, தம்பிக்குக் கீழ்வீடு. மாடிதான் வெளிச்சம் என்று அவளே ஆசையாகக் கேட்டு வாங்கினாள். பிள்ளைகள் இல்லை. ஐம்பதைத் தாண்டிய சமயம், கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். பேச்சு மட்டும் பிழைத்தது, வலது கையும் காலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தவர்களுக்கு அந்த மரப்படிக்கட்டில் ஸ்ட்ரெச்சரைத் திருப்பவே முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

லிஃப்ட்காரர் முதலில் தம்பியிடம் போனார். "கொஞ்ச நாளைக்கு நீ மேல வந்துடேன். நாங்க கீழ இருந்துக்கறோம்."

தம்பி வேலை போனபிறகு கீழ்வீட்டை அறை அறையாகத் தடுத்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தான். "அண்ணே, மாடி ஏறி யாருண்ணே தங்குவாங்க? எனக்கு இதுதான் சோறு போடுது. கேக்காதீங்க."

விற்றுவிட்டுப் போகலாமென்றால் பாதி வீட்டை வாங்க ஆளில்லை. பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்தில், படியோரம் லிஃப்ட் வைக்க அனுமதி கேட்டதற்கு ஒரு பெண் அதிகாரி நேரிலேயே வந்தாள். படியின் கைப்பிடியை ஆசையோடு தடவிப் பார்த்தாள்.

"இதுல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுங்க."

"வெளிப்பக்கமா சின்னதா ஒரு லிஃப்ட்?"

"முகப்பு கெட்டுடும்."

"பின்பக்கம்?"

"பின்பக்கமும் முகப்புதாங்க. ரயில்லேர்ந்து தெரியுதே."

கெட்டவள் இல்லை. போகும்போது டிக்கெட் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

லிஃப்ட்காரர் அப்புறம் யாரையும் கேட்கவில்லை. நகரத்தில் இடித்த ஒரு கட்டடத்திலிருந்து மோட்டாரும் தண்டவாளமும் கேட்டு வாங்கி, விடுமுறை நாட்களில் தாமே வளைத்து, பற்றவைத்து, படியோரமாகப் பொருத்தினார். அதன்மேல் ஏறி இறங்க ஒரு நாற்காலி.

"ஏங்க, அறுந்து விழுந்துடாதே?"

"நான் மாட்டின லிஃப்ட் எதுவும் இதுவரைக்கும் அறுந்ததில்ல."

"அதுல எல்லாரும் நின்னுகிட்டுப் போவாங்க. நான் மகாராணி கணக்கா உட்கார்ந்தே போறேன் பாருங்க."

கீழே வந்ததும் அவர் சக்கர நாற்காலியில் அவளை ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார். ரயிலை விட்டு இறங்கியவர்கள் "அக்கா, அக்கா" என்று சூழ்ந்துகொண்டார்கள். அவளுடைய கவுண்டரை மூடி, பக்கத்தில் டிக்கெட் இயந்திரம் வைத்திருந்தார்கள். "எனக்குப் பதிலா இந்தப் பெட்டியா? திட்டக்கூடத் தெரியாதே இதுக்கு!" என்று சிரித்தாள். அந்தக் கோடை முழுக்க மாலை தவறாமல் போனார்கள். அவள் முகத்தில் சதை பிடித்தது.

மழை தொடங்கிய சமயம் அதே அதிகாரி ஆட்களோடு வந்தாள். படியில் துளைகளைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. டிக்கெட் அக்கா படுத்திருந்த பக்கம் இந்தத் தடவை அவள் திரும்பவில்லை. உடனே கழற்றவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு.

அலுவலகத்தில் போய்ச் சொன்னது தம்பிதான். அவனே வந்து ஒத்துக்கொண்டான். "மோட்டார் சத்தத்துல தங்கினவங்க எல்லாம் திட்டிட்டுப் போறாங்கண்ணே. ஓட்டறதுக்கு ஏதாவது நேரம் குறிச்சுக் கொடுப்பாங்கன்னு நினைச்சேன். கழட்டச் சொல்லுவாங்கன்னு சத்தியமா நினைக்கலை."

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். லிஃப்ட்காரருக்குத் தம்பியை அடிக்கக்கூட கை வரவில்லை. தாம் மாட்டியதைத் தாமே கழற்றினார். துளைகளுக்கு அதிகாரி சொன்ன நிறத்தில் மரத்தூள் குழைத்து அடைத்தார்.

அதன்பின் ஆஸ்பத்திரிக்குப் போக அவளை முதுகில் சுமந்துதான் இறக்கினார். அவருக்கும் வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஈரச் செருப்போடு ஒருநாள் திருப்பத்தில் வழுக்கினார். இருவரும் உருண்டார்கள். அவருக்குத் தோள் முறிந்தது, அவளுக்கு இடுப்பு.

தோள் சரியாகக் கூடவில்லை. லிஃப்ட் கம்பெனி அவரை மேஜை வேலைக்கு மாற்றியது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அவசரப் பொத்தானை அழுத்தினால் இவர்தான் பேசவேண்டும். "பயப்படாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்காங்க."

"ஊருக்கெல்லாம் குறி சொல்ற பல்லி கழுநீர்ப்பானையில விழுந்த கதைதான் நமக்கு" என்று அவள் ஒருநாள் சொன்னாள். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "இனிமே என்னைக் கீழ எறக்காதீங்க. மருந்தை மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அவர் வாதாடவில்லை. வாதாடாமல் இருந்துவிட்டோமே என்பதுதான் பிறகு அவரை அரித்தது.

தம்பி கீழ்வீட்டை ஒரு விடுதிக் கம்பெனிக்கு நீண்ட குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் குடிபோனான். விடைபெற வந்தவன், "எட்டாவது மாடிண்ணே. நல்ல காத்து, லிஃ..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டான். அண்ணியின் காலைத் தொட்டுவிட்டுத் தலைகுனிந்தபடியே இறங்கிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பெருகியது. வழிகாட்டிகள் வாசலில் நின்று வீட்டைப் பற்றி விளக்கம் சொல்வார்கள். எல்லோரும் அண்ணாந்து படமெடுப்பார்கள். ஜன்னலோரம் படுத்திருந்தவளைப் பார்த்துச் சிலர் கையசைப்பார்கள். முதலில் அவளும் இடக்கையை அசைத்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, "ஏங்க, கட்டிலை உள்பக்கம் போட்டுடுங்களேன்" என்றாள்.

"வெளிச்சம் வேணும்னுதானே மாடியக் கேட்டே?"

"போதும்ங்க. பார்த்தாச்சு."

அவர் நல்ல தோளைக் கட்டிலுக்கு முட்டுக்கொடுத்து, அவள் படுத்திருக்க, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். உள்சுவரோரம் கட்டில் நின்றதும் மூச்சு வாங்க அவள் காலருகில் உட்கார்ந்தார். மறுநாள் திங்கட்கிழமை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் "ஆள் வந்துகிட்டே இருக்காங்க" என்று சொல்ல அவர் வேலைக்குப் போகவேண்டும்.