பத்தாவது படிவம்

அன்று வந்த படிவங்கள் பத்து. ஒன்பது என்று எழுதினேன்.

பத்தாவதை மறைத்தவன் நான்தான். அது தொலையவில்லை; காற்றில் பறக்கவில்லை. ஓரத்தில் அளவாகத் துளையிட்டு, என் நாட்குறிப்போடு சேர்த்துக் கட்டினேன். துளையிட்டு! திருடும்போதுகூட எனக்கு ஒழுங்கு வேண்டியிருந்தது…

சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு கல்லூரியில் மேலாண்மைத் துறை ஆசிரியர் நான். வயது ஐம்பத்திரண்டு. துறை ஆசிரியர்களின் ஆய்வுகளையும் சாதனைகளையும் ஆண்டுதோறும் படிவங்களில் வாங்கித் தொகுப்பது என் பொறுப்பு. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, கருத்தரங்குக்கு இத்தனை புள்ளி என்று கூட்டி, அந்த வரிசையில் பெயர்களை எழுதுவேன். ஒன்பது ஆண்டுகளாக வரிசை எண் ஒன்றில் என் பெயர்தான்.

எப்படி என்று கேட்கிறீர்களா? ‘சிவகிரி நுகர்வோரின் மனநிறைவு’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். மறு ஆண்டு வாசுதேவநல்லூர் நுகர்வோர். அதற்கடுத்து திருவேங்கடம். அதே முப்பது கேள்விகள், அதே முடிவுரை. ஊர்ப்பெயரை மட்டும் கவனமாக மாற்றுவேன்.

எங்கள் அலுவலக உதவியாளர் சண்முகையா ஒருமுறை கேட்டேவிட்டார்: “அடுத்து எந்த ஊரு சார்? பஸ் ஸ்டாண்டு போர்டப் பாத்துத்தான் எழுதுதியளோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைய நாட்குறிப்பில் அதை எழுதவில்லை.

மற்றவர்களும் உத்தமர்கள் அல்லர். அரை மணி நேர இணைய உரையின்போது கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கியவர் சான்றிதழோடு வருவார். சால்வை போர்த்திய படத்தையும் சாதனை என்று நீட்டுவார் இன்னொருவர். இவற்றையெல்லாம் அடிக்கோடிட்டுப் பட்டியலாக்குவதுதான் என் வாழ்க்கை! எத்தனை எரிச்சல் தெரியுமா?

அந்தக் குப்பைக்கு நடுவேதான் செய்யதலி பாத்திமாவின் படிவம் வந்தது.

கடையநல்லூரிலிருந்து தினமும் பேருந்தில் வரும் ஒப்பந்த ஆசிரியை அவர். இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் தம் ஊர்த் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தார். கணவர்கள் வளைகுடாவில் இருக்க, வீட்டுக்குள்ளிருந்தே தையலும் துணி வியாபாரமும் நடத்தும் பெண்களிடம் உட்கார்ந்து பேசி எழுதிய கட்டுரை. எங்கள் துறைத்தலைவரின் கட்டுரையையே இரண்டு முறை திருப்பி அனுப்பிய இதழ் அதை ஏற்றுக்கொண்டிருந்தது.

படித்தேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்திய நாள் அது. படிவம் கொடுக்கக் கடைசி நாளும் அதுவே. கொடுப்பவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். விதி நான் போட்டது. மாலை நான்கு பத்துக்குப் படிவத்தோடு ஓடி வந்தார் பாத்திமா.

“சார், கூட்டம் சாஸ்தியாம், ஊருக்குள்ள பஸ்ஸ விட மாட்டாங்களாம். கையெழுத்த திங்கக்கிழம போட்டுருதேன், என்ன?”

“போயிட்டு வாங்கம்மா” என்றேன்.

திங்கட்கிழமை அவர் மறந்துவிட்டார். வேறு யாராயிருந்தாலும் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்திருப்பேன். அன்று பதிவேட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு பட்டியல்கள் தட்டச்சு செய்தேன். ஒன்றில் அவர் முதலாவது, நான் இரண்டாவது. மற்றொன்றில் அவர் கடைசி. எனக்கு வேலை போயிருக்காது. ஒரு ரூபாய் குறைந்திருக்காது. ஓர் எண் மட்டும் மாறியிருக்கும்… ஓர் எண்! ஆனால் ஒப்பந்த ஆசிரியர்களில் யாரை வைத்துக்கொள்வது என்பதை நிர்வாகம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். தெரியாமல் செய்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். தெரியும்.

இரண்டாவது பட்டியலை அனுப்பினேன்.

பட்டியலில் பாத்திமாவின் கட்டுரை இல்லை என்பது வெளிவந்தபோது துறைத்தலைவர் எங்கள் இருவரையும் அழைத்தார். என்னைவிட இளையவர், என்னை அண்ணாச்சி என்பார்.

“அண்ணாச்சி, மேடம் படிவம் குடுத்தேன்னு சொல்லுதாங்க. பட்டியல் போயிட்டு. ஆனா பதிவேட்டுல இருந்தா சேக்கச் சொல்லி நான் பேசுதேன். வந்துச்சா?”

“பதிவேட்டில் இல்லை” என்றேன்.

அந்த வாக்கியத்தைப் பாருங்கள். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை!

பாத்திமா பதிவேட்டைப் பார்த்தார். பிறகு தம் கைப்பையை அந்த மேசைமேலேயே கவிழ்த்தார். சோற்று டப்பா, கண்ணாடிக் கூடு, கசங்கிய பயணச்சீட்டுகள், மகள் கடித்த பென்சில்…

“குடுத்த மாதிரில்லா இருக்கு… பஸ்ஸுக்கு ஓடுன அவசரத்துல எங்கயும் விட்டுட்டனோ?”

கீழே விழுந்த பயணச்சீட்டுகளை நான் பொறுக்கிக் கொடுத்தேன். நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஆம், நானும் தேடினேன்!

“விடுங்க சார். உங்க நோட்டு தப்பாவா இருக்கும்? எம்புத்திதான் எங்கயோ போயிட்டு.”

ஏனம்மா இப்படி? ஒரு வார்த்தை சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? “இந்தக் கையிலதான குடுத்தேன்” என்று கத்தியிருக்கக் கூடாதா? கத்தியிருந்தால் நான் ஒருவேளை… இதோ, பார்த்தீர்களா? இப்போதும் பழியை அவர் பக்கம் தள்ளத்தான் பார்க்கிறேன்!

கல்வியாண்டு முடிந்ததும் அவரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளாகக் கடையநல்லூரில் விமானப் பயணச்சீட்டு எடுத்துத் தரும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார்.

போன புதன்கிழமை அழைத்தார். வேறொரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம்.

“உங்க கையெழுத்துன்னா தனி மதிப்பு சார். எல்லாத்தையும் எழுதுங்க. கவனக்குறைவுன்னு மட்டும் எழுதிராதிய, என்ன?” என்று சொல்லிச் சிரித்தார்.

எழுதினேன். கட்டுரையின் தலைப்பு, இதழின் பெயர், வெளிவந்த மாதம்… எல்லாம் பிசகின்றி. ‘பணியில் மிகுந்த கவனம் உடையவர்’ என்றும் எழுதினேன். அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. எழுத வேண்டிய வாக்கியம் எனக்குத் தெரியும். நான்கே சொற்கள். பேனா மூடியைத் திருகி மூடினேன்.

கடிதம் கிடைத்ததும் மறுபடி அழைத்தார்.

“கவனம் உடையவர்னு போட்டிருக்கியளே சார்! அத்தன நடந்த பெறவும் எம்மேல இவ்வளவு நம்பிக்கையா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பரவாயில்லம்மா” என்றேன். நான் அவரை மன்னித்தேன்!

கடிதத்தின் நகலுக்கு எண் இட்டுக் கோப்பில் சேர்த்தேன். இந்த ஆண்டுப் பட்டியலும் நேற்று முடிந்தது. வரிசை எண் ஒன்று நான்தான். படிவம் அதே நாட்குறிப்பில், அதே பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இன்னும் ஒன்பது என்றுதான் எழுதியிருக்கிறது.