நடுப்பலகையின் வலப்பக்கம்

மலாயாவில் தெலுக் ஆன்சனுக்குக் கீழே, பேராக் ஆறு கடலைத் தொடும் இடத்தில் எங்கள் மீட்புப் படகு நிலையம் இருந்தது. படகில் உட்கார மூன்று பலகை, பலகைக்கு இருவர், ஆளுக்கொரு துடுப்பு. நடுப்பலகையின் வலப்பக்கம் என் அண்ணனுடையது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், என்னை ஈப்போவில் படிக்கவைப்பதற்காக ஆற்று வேலைக்கு வந்தார். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அந்த எழுத்தால்தான் அதே நிலையத்தில் எனக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்தது.

ஜப்பான்காரன் வந்த பிறகு, அம்மாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போன அண்ணனை லாரியில் ஏற்றி, ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய துடுப்பு கொட்டகையில் சாய்த்தபடியே இருந்தது. கை வழுக்காமலிருக்கப் பிடியில் ரப்பர் ஷீட் சுற்றியிருந்தார். அதை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஆள் குறைந்தால் படகு மீட்புக்கு ஆகாது, பழகிய துடுப்புக்காரரைத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு மனு எழுதினேன். படகை நடத்தும் தண்டல் கைநாட்டு வைத்தார். நாகூர்ப் பக்கத்து மனிதர்; எல்லாரும் அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். ஜப்பான் அதிகாரி ஒருவர் நேரில் வந்து சோதிப்பார் என்று பதில் வந்தது. ஐந்து பேரால் முடியாது என்று அவர் எழுதிவிட்டால் அண்ணன் வந்துவிடுவார். நான் அப்படித்தான் நம்பினேன்.

“நாளைக்கு எவனும் வீரத்தக் காட்டாதீங்கலா. பொணம் தூக்கிட்டுப் போற மாதிரி இழுங்க, போதும்,” என்றார் தண்டல், அதிகாரி வருவதற்கு முந்தின நாள்.

“நீங்க சுக்கான் புடிச்சா எப்பவும் அப்படித்தானே நானா போவுது,” என்றான் முன்பலகைக்காரன்.

எல்லாரும் சிரித்தோம். அண்ணன் போன பிறகு சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

மறுநாள் அதிகாரி கயிறு, மிதவை, விளக்கு என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். ஆள் பட்டியலில் அண்ணன் பெயருக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்தைக் காட்டினேன். தலையசைத்தார். பிறகு தன் மோட்டார் படகிலிருந்து ஒரு சாக்கைத் தண்ணீரில் தள்ளச் சொன்னார். உள்ளே காய்ந்த லாலாங் புல். மேலே காக்கிச் சட்டை மாட்டியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதினார்.

முதல் சில இழுப்பு பேசிவைத்தபடி சோம்பலாகத்தான் போயிற்று. கடலுக்கு வடியும் வற்றம் சாக்கை அந்தப் பக்கம் இழுத்தது. சட்டைக் கை ஒன்று மேலே எழும்பி அமுங்கியது. அவ்வளவுதான், படகு பாய்ந்தது. இடப்பக்கத்து மூவரும் தங்கள் இழுப்பைக் குறைத்து வலப்பக்கத்து இருவருக்கு ஈடுகொடுத்தார்கள். இத்தனை மாதத்தில் கை அப்படிப் பழகியிருந்தது. படகு ஒரு முழம்கூடத் திசை மாறவில்லை. “இழுங்க! அமுங்கிரும், இழுங்க!” என்று யாரோ துறையில் கத்தினார்கள். தொண்டை எரிந்த பிறகுதான் தெரிந்தது, கத்தியது நான்.

சாக்கைத் தூக்கி நடுப்பலகையின் காலியிடத்தில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். சட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி ஏதோ சொன்னார்.

“அஞ்சு பேரே போதுமாம். ரொம்ப நல்லா இருக்காம்,” என்றார் கூட வந்த மொழிபெயர்ப்பாளர். “ஆறாவது எடத்த அடிச்சிடணுமாம்.”

பட்டியலில் அண்ணன் பெயர் இருந்த வரியை நானே அடித்தேன்.

சாயங்காலம் தண்டல் என்னருகில் வந்து நின்றார். “சாக்குன்னு தெரியும் தம்பி. சட்டையப் பாத்ததும் கை சொன்ன பேச்சு கேக்கல.”

“நானுந்தான் கத்துனேன் நானா.”

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பிவிட்டார்கள். அண்ணன் இன்னும் வரவில்லை. ஆற்றில் தூக்கும் ஆட்களை இப்போதும் அந்த இடத்தில்தான் உட்காரவைக்கிறார்கள். வளைவில் படகு திரும்பும்போது நடுப்பலகையில் நனைந்த தலை ஒன்று தெரிந்தால், முகம் தெரியும் தூரத்துக்கு அது வரும்வரை நான் துறையை விட்டு நகர்வதில்லை.