பாகம் பிரித்த கேமரா

எங்கள் வீட்டில் எதையும் முழுசாக வைத்துப் பழக்கமில்லை. பாகம் பிரித்த அன்று அம்மிக்கல் அப்பாவுக்கு வந்தது, குழவி சித்தப்பாவுக்குப் போனது. பஞ்சாயத்து பேச வந்தவர்களும் இது நியாயம்தான் என்று வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்கள். அம்மா ஒரு வருடம் துவையல் அரைக்க ஆற்றங்கல்லைத்தான் உருட்டினாள். தாத்தா வாங்கி வைத்திருந்த பெட்டிக் கேமராவும் அப்படித்தான் பிரிந்தது. கேமரா எங்களுக்கு. அது இருந்த தகரப் பெட்டியும் அதற்குள் கிடந்த உருப்படிகளும் வேலிக்கு அந்தப் பக்கம், சித்தப்பாவுக்கு.

எங்கள் பாறசாலை கேரளத்திலா தமிழ்நாட்டிலா, எந்த மாநிலத்தில் சேரும் என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அப்பா சர்க்கார் குமஸ்தா. பென்ஷன் எந்தக் கஜானாவிலிருந்து வருமோ அந்தப் பக்கம்தான் நம் பக்கம் என்பார். சித்தப்பா தமிழ்நாட்டோடு சேரணும் என்று கூட்டம் கூட்டமாகப் போய்த் தொண்டை கட்டி வருவார். இரண்டு பேரும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று, பூவரச மரத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்கள். நேராக முகம் பார்த்துப் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இதற்கு நடுவில் என் அக்காவுக்கு இருபத்தாறு வயது ஆகிவிட்டது. மூன்று வரன் தட்டிப்போனது. நாலாவதாக மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் கணக்கர் ஒருவர். பெண்ணின் படம் இந்தக் கப்பல் தபாலில் வந்தாக வேண்டும், வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று அவருடைய மாமா கண்டிப்பாக எழுதியிருந்தார். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் பள்ளிக்கூடத்து நிலப்படத்தை எடுத்து மலாயா எங்கே என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலிச் சண்டை காதில் விழாத தூரம் அவளுக்கு வேண்டியிருந்தது.

நெய்யாற்றின்கரை ஸ்டூடியோவுக்குப் போயிருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் பஸ் நின்றுபோயிருந்தது. ரோட்டில் ஊர்வலமும் லத்தியும். “வயசுப் பிள்ளைய இதுக்கு நடுவில கூட்டிட்டுப் போவணுமா? நம்மகிட்ட கேமரா உண்டே!” என்று அப்பா பரணிலிருந்து அதை இறக்கினார். கறுப்புத் தோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பேர் எழுதியிருந்த தகடு எப்போதோ போய்விட்டது. ஜெர்மன் சாமான் என்றார் அப்பா. தூசி தட்டிய பிறகு, இங்கிலீஷ்காரன் செய்ததாக்கும் என்றார். எந்த ஊர்ச் சாமானாக இருந்தால் என்ன, என்ன ஃபிலிம் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆபீஸ் நண்பர் யாரோ திருவனந்தபுரத்திலிருந்து ஒரு சுருள் வாங்கிக்கொண்டு வந்தார். உள்ளே போகமாட்டேன் என்றது. அப்பா அதைக் கட்டைவிரலால் அமுக்கிய அமுக்கில் எனக்குத்தான் வலித்தது. கடைசியில் நான் கேமராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வயல் வரப்பு வழியாகவே நடந்து ஸ்டூடியோவுக்குப் போனேன். பாதிக் கதவு சாத்தியிருந்தது. அந்த மனிதர் கேமராவின் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, “மோளே, இதுக்கு மெலிஞ்ச கட்டைச் சுருளாக்கும். நான் தாறேன். ஆனா ஃபிலிம் போய்ச் சுத்துகதுக்கு ஒரு காலிக் கட்டை வேணும். கேமராவோட இருந்திருக்குமே, அது எங்க?” என்றார்.

எங்கே இருக்கும்? தகரப் பெட்டியில் இருக்கும். தகரப் பெட்டி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேமராவை வயலில் வீசியிருப்பேன்.

புழக்கடை வழியாகச் சித்தியிடம் போய்க் கேட்டேன். அவள் கொடியில் கிடந்த பாவாடையை ஒதுக்கிவிட்டு மாடக்குழியிலிருந்து எடுத்துக் காட்டினாள். “இந்த இரும்புக் கட்டையா மக்கா? நான் நாடா சுத்தி வச்சிருக்கேன். கொண்டு போ.” நான் நாடாவை அவிழ்த்து முடிப்பதற்குள் சித்தப்பா வந்துவிட்டார்.

“கட்டை எனக்க பாகம். தாறேன். ஆனா நான் வந்து நின்னுதான் படம் எடுக்கணும். உனக்க தாத்தா படம் எடுக்கும்போ சக்கரத்தைச் சுத்திக் குடுத்தது நானாக்கும். உங்க அப்பனுக்கு ஒரு மண்ணும் தெரியாது.”

இப்படியாக இரண்டு வருடம் கழித்து சித்தப்பா எங்கள் முற்றத்தில் கால் வைத்தார். இரண்டு பேரும் வேலையையும் பாகம் பிரித்தார்கள். கேமரா அப்பாவுடையது, அதனால் விசையை அமுக்குவது அப்பா. கட்டை சித்தப்பாவுடையது, அதனால் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு சக்கரத்தைத் திருகி அடுத்த துண்டுக்கு நகர்த்துவது சித்தப்பா. அவரே ஃபிலிமைப் போட்டு மூடித் திருகி, பலா மரத்தடியில் ஸ்டூல்மேல் கேமராவை வைத்தார். அக்கா கருநீலப் பட்டில் மரத்தை ஒட்டி நின்றாள். அப்பா முதல் படம் எடுத்தார்.

“அண்ணா, இனி சுத்தணும்,” என்றார் சித்தப்பா.

“சுத்தணும்னு எனக்குத் தெரியாதாக்கும்? எலே, நீ ஒண்ணும் எனக்குச் சொல்லித் தராண்டாம். கூட்டத்தில போய்ப் பேசு உனக்க புத்திய.”

சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான். அப்பா அக்காவிடம் போய் முகவாயை நிமிர்த்தினார், நாற்காலி போட்டு உட்கார வைத்தார், பக்கவாட்டில் திருப்பினார், பூவைப் பிடிக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து அமுக்கினார். நான் அக்காவின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஐந்து படம் அப்படிப் போனது. மீதி மூன்றையும் குடும்பப் படமாக எடுத்துவிடலாம் என்று அப்பா சொல்ல, அக்காவின் இரண்டு பக்கமும் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக அண்ணனும் தம்பியும் போய் நின்றார்கள். நான் மூன்று முறை அமுக்கினேன். அக்கா வெயிலில் கூசிக் கூசித் தலையை அசைத்தாள். அவர்கள் இரண்டு பேரும் எல்லைக்கல் நட்ட மாதிரி இம்மி நகரவில்லை.

தபாலுக்கு முந்தின நாள் ஸ்டூடியோவிலிருந்து ஒரே ஒரு படம் வந்தது. மற்ற ஏழு துண்டும் வெறுமை. எட்டுப் படமும் ஒரே துண்டின்மேல் விழுந்திருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் வெள்ளை வெளேரென்று, சட்டைப் பொத்தான் எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக நின்றார்கள். நடுவில் அக்கா இருந்தாள் என்று சொன்னால்தான் தெரியும். ஒன்றின்மேல் ஒன்றாகப் புகைந்த நாலைந்து முகம், அதற்குள் பலா மரத்துப் பட்டை.

“நீயாக்கும் சுத்தாதது!”

“அண்ணனுக்குத் தெரியும்னு அண்ணன்தானே சொன்னது!”

பிறகு சண்டை கேமராவிலிருந்து கட்டைக்கும், கட்டையிலிருந்து தாலுகாவுக்கும், தாலுகாவிலிருந்து தாத்தாவின் உயிலுக்கும் போய்விட்டது. அக்கா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“ரெண்டு பேரும் நல்லாத் தெளிஞ்சிருக்காவ,” என்றாள். “எனக்குத்தான் நிக்க இடம் இல்ல.”

நிலப்படத்தை மடித்து என் பையிலேயே திரும்ப வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கப்பல் போனது. மலாயாக்காரர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். எல்லையும் ஒரு வழியாகப் போட்டு முடித்தார்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவேயில்லை.

இத்தனை வருடமாக இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த இரண்டு பேரையும் திட்டித் தீர்க்கிறேன். கேட்பவர்களும் சேர்ந்து திட்டுவார்கள். கேமராவின் முதுகில் ஒரு சிவப்புச் சில்லு உண்டு. எத்தனையாவது படம் என்கிற எண் அதில் தெரியும். குடும்பப் படத்துக்காகக் குனிந்தபோது நான் அதைப் பார்த்தேன். ஒன்று என்று இருந்தது. அடுத்த முறையும் ஒன்று. மூன்றாம் முறையும் ஒன்று. ஐந்து படம் எடுத்த பிறகு ஒன்று எப்படி என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்டிருந்தால் அந்த மூன்று துண்டில் ஒன்றிலாவது அக்காவின் முகம் விழுந்திருக்கும்.

ஆனால் இரண்டு பேரும் அப்போதுதான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். நான் எதையாவது கேட்டு மறுபடியும் ஆரம்பித்துவிடுமோ என்று பயந்து, பேசாமல் அமுக்கினேன். இதை அக்காவிடம் நான் சொல்லவே இல்லை.