வெட்டிப் போட்ட இடுப்பு பெல்ட்

கண்டி டவுனில் ஒரு பேக் கடையில் பதினெட்டு வருஷம் வேலைக்கு நின்றவன் நான். மலையேறப் போகிறவர்கள் பேக் தேர்ந்தெடுக்கும் அழகை நிறையப் பார்த்திருக்கிறேன். வெறும் பேக்கை முதுகில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் ஜிப்பை இருபது தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான்" என்று தீர்ப்புச் சொன்னார். ஏறப்போவது நக்கிள்ஸ் மலை. பொருத்தம் பார்ப்பதோ கல்யாணச் சட்டைக்கு.

எங்கள் முதலாளி அவர்களுக்கெல்லாம் மேல். பல்லேகல ஃபேக்டரியில் எக்ஸ்போர்ட்டுக்குத் தைத்து மிஞ்சிய பெரிய பேக்குகளை மொத்தமாக எடுத்தார். அவற்றில் இடுப்பைச் சுற்றிப் பூட்டும் அகலமான ஹிப் பெல்ட் இருந்தது. பஸ்ஸில் சீட்டுக் கம்பியில் மாட்டுகிறது என்று இரண்டு பேர் முறையிட்டார்கள்.

"எல்லாத்தையும் வெட்டிப் போடுப்பா. பாக்கவும் லட்சணமா இருக்கும்" என்றார் முதலாளி.

வெட்டினேன். வெட்டிய நுனியை நெருப்புக்குச்சியால் உருக்கி, தடமே தெரியாமல் செய்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்படி ஒன்றைக் குண்டசாலைக் கனகுவுக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். மலையேற வரும் கூட்டங்களுக்குக் கூடாரமும் சாப்பாடும் சுமந்து போகிறவன் அவன்.

"பொழப்புக்கு வாங்குறேன் அண்ணே, பாத்துக் குடுங்க."

"கண்ண மூடிக்கிட்டு எடு" என்றேன்.

மூன்று மாதத்தில் திரும்பி வந்தான். இடது கை விரல்கள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை.

"டொக்டர் பேக்கப் பாத்தாரு அண்ணே. பாரமெல்லாம் தோள்லயே தொங்கியிருக்காம். இடுப்புக்கு ஒரு பெல்ட் இருக்கணுமாமே? வர்ற வாரம் நாலு நாள் டிரிப். நான் போகலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. அப்புறம் என்னைக் கூப்பிடவே மாட்டாங்க."

முதலாளி கல்லாவிலிருந்தே சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் சொல்வது சரி என்று பார்த்துவிட, பக்கத்துக் கடையில் பதினைந்து கிலோ அரிசி வாங்கி, அவன் பேக்கில் போட்டு மாட்டிக்கொண்டு மாடி ஸ்டோருக்கு ஏறினேன். பாதிப் படியிலேயே ஸ்ட்ராப் தோளை அறுத்தது. அத்தனை வருஷம் பேக் விற்றவன், பாரத்தோடு ஒன்றை முதுகில் போட்டது அன்றைக்குத்தான். கண்ணாடி முன் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்த வாய் இது. வெட்கமாக இருந்தது.

வெட்டிய பெல்ட்கள் ஸ்டோரில் ஒரு சாக்கில் கிடந்தன. ஒன்றை எடுத்துப்போய், சப்பாத்துத் தைப்பவரிடம் இரட்டைத் தையல் போட்டு வாங்கினேன். மறுபடி ஏறினேன். பாரம் இடுப்பில் உட்கார்ந்தது. தோளுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே விரல் நுழைந்தது.

இரண்டு நாள் கழித்துக் கனகு வந்தான். நானே மாட்டிப் பூட்டிவிட்டேன். படி ஏறி இறங்கினான்.

"இப்ப நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா டிரிப்புக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க. அவன்கிட்ட நல்ல பேக் இல்லையாம். இத அவனுக்கே குடுத்துர்றேன்."

பூட்டை நானே அவிழ்த்து, பேக்கை அவனிடம் கொடுத்தேன்.

மிச்சமிருந்த பேக்குகளுக்கெல்லாம் பெல்ட்டைத் திரும்பத் தைத்தேன். முதலாளி முணுமுணுத்தார். அன்றிலிருந்து என்னிடம் வந்தவர்களுக்கு முதலில் அரிசி, பிறகு மாடிப்படி, அதற்குப் பிறகுதான் விலை. பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும். கடைச் சுவரிலிருந்த கண்ணாடியை நானே கழற்றிவிட்டேன்.