தபசு காலத்துச் செவ்விளநீர்

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய்க்காக, கிளினிக்கில் சாப்பாட்டில் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். விபூதிப் புதன் வந்தபோது, தபசு காலம் என்று நாங்கள் சொல்லும் இந்தத் தவக்காலத்துக்கு எதை விடுவது என்று மருமகளிடம் கேட்டேன். "விட என்ன அத்தை இருக்கு? எங்களத் திட்டுறத விடுங்க" என்றாள். சிரித்துவிட்டேன். ஆனாலும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. இதே கேள்வியோடு எட்டு வயதில் ஒரு வாரம் அலைந்தவள் நான்.

அப்போது கண்டிக்கு மேலே அம்பிட்டியவில் ஒரு சரிவில் வாடகை அறையில் இருந்தோம். அப்பாவுக்குக் கண்டிச் சந்தையில் மூட்டை தூக்கும் வேலை. நான் மஞ்சள் காமாலையில் படுத்து அப்போதுதான் எழும்பியிருந்தேன். கடும் பத்தியம். எண்ணெய், மிளகாய், கருவாடு, முட்டை, தேங்காய்ப்பால் ஒன்றும் ஆகாது. கஞ்சியும், கீழாநெல்லிச் சாறும், அப்பா தினமும் வேலை முடிந்து கொண்டுவரும் ஒரு செவ்விளநீரும்தான் எனக்கு.

தபசு காலத்துக்கு எதை விடப்போகிறோம் என்று அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றார் கோயில் வகுப்பு எடுத்த சிஸ்டர். வைத்தியர் நிறுத்தியது கணக்கில் சேராதாம். ஆசைப்பட்டதை விட வேண்டும், விட்டதை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்.

அண்ணன் உடனே கருவாட்டை விட்டுவிட்டான். "ஒனக்கு விட என்னடி இருக்கு? காமாலையத்தான் விடணும்" என்று என்னைக் கேலி செய்தான். கீழாநெல்லிச் சாற்றை விடுகிறேன் என்று அம்மாவிடம் போய் நின்றேன். "மருந்த விட்டா புண்ணியம் கெடைக்காது, அடிதான் கெடைக்கும்" என்றாள். வெள்ளி போனது, சனி போனது. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் உட்காரத் தோன்றியது. என் முறை வரும்போது ஒன்றும் இல்லாமல் நிற்பேனோ என்றே நினைப்பு.

ஞாயிறு என் முறை வந்ததும் வாயிலிருந்து தானாக விழுந்தது: செவ்விளநீர். சிஸ்டர் என் தலையில் கை வைத்தார். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியொரு பெருமை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அப்பா சீவிக் கொடுத்ததும் வெளியே போய்க் குடிப்பதுபோல, கீழ்வீட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் பிள்ளைத்தாய்ச்சி. நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் அவளே பாதையில் அப்பாவை நிறுத்தி, "மாமா, பாப்பா தெனமும் எளநி கொண்டாந்து தருது, நல்ல மனசு" என்று சொல்லிவிட்டாள்.

அப்பா வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஏன் புள்ள, எளநி புடிக்கலியா?"

"தபசுக்கு விட்டுட்டேன்."

"சாமி அதையா கேட்டுச்சு?"

எனக்குக் கோபம் வந்தது. அப்பா கோயில் பக்கமே வராதவர். "எல்லாரும் விட்டாங்க. நீங்க மட்டுந்தான் ஒண்ணும் விடல" என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா, "அடியே, அவரு..." என்று தொடங்கினாள். அப்பா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "ஆமாடி, நான் என்னத்த விட்டேன்" என்று சிரித்தார்.

மறுநாளிலிருந்து இரண்டு செவ்விளநீர் வந்தது. ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதை அவர் கண்முன்னே குடிக்க வேண்டும் என்று கட்டளை. என் தபசு கெட்டுப்போயிற்று என்று அழுதுகொண்டே குடித்தேன். அதோடு அப்பா காலையில் நாங்கள் எழும்புமுன்னே கிளம்பத் தொடங்கினார். மாலையில் விளக்கேற்றிய பிறகுதான் வருவார், முழங்கால்வரை செம்மண்ணோடு. ஏன் இவ்வளவு நேரம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். பஸ் வரல புள்ள என்பார். நம்பினேன். உயிர்த்த ஞாயிறு முடிந்து, நான் தேறி இளநீர் நின்றபிறகு, பஸ் நேரத்துக்கு வரத் தொடங்கியது. அதையும் நம்பினேன்.

அந்த நாளில் கண்டியிலிருந்து அம்பிட்டியவுக்குப் பின்னேரம் பஸ் ஓடியதா, எத்தனை மணிக்கு ஓடியது என்று தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். ஓடியது என்று அண்ணன் சொல்கிறார். ஓடியிருந்தால், அப்பா பஸ் காசை இளநீருக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஏற்றம் முழுவதும் இரண்டு காயையும் தூக்கிக்கொண்டு நடந்துதான் வந்திருக்கிறார்.