சொல்லச் சொன்ன பாட்டு

என் தங்கை உயர்தரப் பரீட்சை எழுதவில்லை. அதற்குக் காரணம் நான் பாடிய ஒரு பாட்டு. ஊரில் வேறு காரணங்கள் சொல்வார்கள். வீட்டில் கஷ்டம், பஸ் ஒழுங்கில்லை, பெண் பிள்ளைதானே என்றெல்லாம். கஷ்டம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அந்தக் கஷ்டத்தோடுதான் அவள் சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்து, உயிரியல் படிக்கக் கிளிநொச்சி நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனாள். எங்கள் குடியிருப்பிலிருந்து அப்படிப் போன முதல் ஆள் அவள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்.

எங்கள் வீடு தர்மபுரத்துக்கு உள்ளே, வாய்க்கால் தண்ணீர் எட்டாத பக்கத்தில் இருக்கிறது. தாத்தா ஆட்கள் ஒரு கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, இங்கே காட்டை வெட்டிக் குடியிருந்தவர்கள். அப்பா தோளில் தூக்கி வரப்பட்ட பிள்ளை. நானும் தங்கையும் இங்கேயே பிறந்தோம். தேயிலைச் செடியை நாங்கள் புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம். ஆனாலும் எங்களைக் கூப்பிட ஒரு சொல் இருந்தது. அதை ஒருமுறை மட்டும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது: தோட்டக்காட்டான்.

வீட்டுக்குள் நாங்கள் 'ஆமா' என்போம். படலையைத் தாண்டினால் ஊராரைப் போல 'ஓம்' என்போம். தங்கை இதில் என்னைவிடக் கெட்டிக்காரி. நகரத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் வாயைத் திறந்தால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய, வயல் நிலமுள்ள கமக்கார வீட்டுப் பிள்ளை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எங்கும் நிலையாக நின்றதில்லை. மணல் லொறி, வவுனியாவில் மேசன் வேலைக்குக் கையாள், முல்லைத்தீவுக் கரையில் மீன் காயப்போடுகிற வாடி, அறுவடைக் காலத்தில் வயல் மெசின். மெசினில்தான் பாடப் பழகினேன். அந்த இரைச்சலுக்கு மேலே யாருக்காவது ஒன்று சொல்ல வேண்டுமென்றால் சின்னச் சின்னத் துண்டாக, எஞ்சின் அடிக்கிற இடைவெளிக்குள் கத்த வேண்டும். நாள் முழுக்க அப்படிக் கத்திக் கத்தி எனக்கு அது பழக்கமாகிவிட்டது. பிறகு போனில் ராப் பாட்டுகள் கேட்டபோது, இது எனக்கும் வருமே என்று தோன்றியது.

பதினெட்டாம் வயதில் ஒரு நாள், வேலை முடித்த வயலின் முதலாளி, அங்கே மூட்டை ஏற்ற வந்திருந்த என் அப்பாவை அந்தச் சொல்லால் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை. மூட்டை ஒன்று வண்டியில் சரிந்து கிடந்தது, அதை நிமிர்த்தச் சொன்னார். அப்பா "இந்தா வாறேங்கய்யா" என்று ஓடினார். நான் அங்கேயே நின்றேன். அன்று வீட்டுக்கு நடந்து வருகிற வழியிலேயே பாட்டு வந்துவிட்டது. காடு வெட்டியது யார், கிணறு கிண்டியது யார், உன் வீட்டுக்குக் கல் அரிந்தது யார் என்று கேட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு அடிக்கும் முடிவில், "ஓம், நான் அதுதான், சொல்லு, இன்னொருக்காச் சொல்லு" என்று வரும். நான் 'சொல்லு' என்று மைக்கை நீட்டினால் கேட்கிறவர்கள் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிச் சொல்லி அதில் இருக்கிற விஷம் போய்விடும் என்று நான் நம்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் அது மோசமான யோசனையாகத் தெரியவில்லை. அதுதான் கொடுமை.

முதலில் பாடிக் காட்டியது தங்கைக்கு. குசினி வாசலில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா நீயே சொல்லச் சொல்றியே?"

"ஆமா. அதுல என்னா?"

"சொல்லச் சொன்னா சொல்லத்தான் செய்வாங்க."

நான் சிரித்தேன். "உனக்கு ராப் வெளங்கல" என்றேன்.

கிளிநொச்சியில் கலியாண வீடியோ எடுக்கிற ஒருவர், கடைக்குப் பின்னால் சுவரெல்லாம் முட்டை அடுக்குகிற மட்டைகளை ஒட்டி ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார். அவர்தான் பாட்டைப் பதிந்தார், படமும் எடுத்தார். எங்கள் வீடு, கிணற்றடி, அம்மாவின் முகம், அப்பாவின் முதுகு, எல்லாம் அதில் வந்தது. தங்கை மட்டும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ட்ரோனை மேலே அனுப்பி எங்கள் குடியிருப்பு முழுவதையும் எடுத்தார்கள். பிள்ளைகள் கையாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

பாட்டு வெளிவந்து இரண்டு கிழமைக்குள் ஓட்டோவில், மினிபஸ்ஸில், சலூனில் எல்லாம் அதுதான். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆட்கள் போன் எடுத்தார்கள். "தம்பி, கலக்கிப்போட்டீர்" என்றார்கள். ஒரு வானொலியில் என்னை மலையகத்தின் குரல் என்று அறிமுகப்படுத்தினார்கள். நான் அதுவரை மலையகத்தைப் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே 'ஓம்' என்றேன்.

பிறகு ஒரு தடவை உண்மையாகவே அந்தப் பக்கம் கூப்பிட்டார்கள். தோட்டத்து மைதானம், நல்ல குளிர். பாட்டின் மற்ற எல்லா அடிக்கும் கை தட்டினார்கள். 'சொல்லு' என்று மைக்கை நீட்டினேன். ஒருவரும் சொல்லவில்லை. மறுபடி நீட்டினேன். முன்வரிசையில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டார். இந்தச் சனத்துக்கு ரசனை இல்லை என்று திரும்பி வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டு வந்தேன்.

வன்னியில் அப்படி இல்லை. இங்கே மைக்கை நீட்ட முதலே கத்துவார்கள்.

தங்கைக்கு என்ன நடந்தது என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிய வந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்துபோன அம்மாவின் முகம் படத்தில் வந்த பிறகு அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று வகுப்பில் ஒருவருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. காலையில் அவள் பஸ்ஸில் ஏறினால் பின் சீட்டுப் பெடியன்கள் போனில் பாட்டைப் போடுவார்கள். அந்த இடம் வரும்போது எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். ஒரு நாள் பிந்திப் போனபோது ஆசிரியர் ஒருவர், "ஏன் பிந்தினது? சொல்லு, இன்னொருக்காச் சொல்லு" என்றாராம். வகுப்பே சிரித்ததாம்.

அவள் ஒரு தடவை கோபப்பட்டிருக்கிறாள். பக்கத்தில் இருக்கிற பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்: "என்னடியப்பா, உன்ர அண்ணான்ர பாட்டுத்தானே? நாங்கள் பெருமையாத்தானே சொல்லுறம்."

இதை என்னிடம் சொன்னபோது தங்கை அழவில்லை. "முன்னாடி யாராச்சும் சொன்னா சண்டை போடலாம் அண்ணே. இப்ப அதுவும் முடியாது. நீ எழுதிக் குடுத்துட்டே" என்றாள். பாட்டை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள்.

நான் ஸ்டூடியோக்காரரிடம் போனேன். பாட்டு அவருடைய யூடியூப் சனலில் இருந்தது.

"விசரே உனக்கு? அதை எடுத்தா உன்னை ஆருக்கடா தெரியும்?" என்றார். "மற்றப் பாட்டுகளையும் போட்டனாங்கள்தானே. என்ன நடந்தது?"

ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரைப் பற்றி ஒன்று, காதலைப் பற்றி இரண்டு, யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடியபோது நாங்கள் விட்டுவிட்டு வந்த நாயைப் பற்றி ஒன்று. நாய்ப் பாட்டுத்தான் நான் செய்ததில் நல்லது. அதற்காக ஒருவரும் என்னை ஒருநாளும் கூப்பிடவில்லை. மேடைக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் கேட்டார்கள். என் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது, அறிவிப்பாளர் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் என்னை மேடைக்கு அழைப்பார். நான் கையை உயர்த்திக்கொண்டு ஏறுவேன்.

தங்கை பள்ளிக்கூடத்தை நிறுத்தப்போவதாக முதலில் சொன்னது அந்தக் காலத்தில்தான். அம்மா கும்பிட்டுக் கேட்டார். பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது. பொறுத்துக்கொள்கிறேன் என்றாள். அந்த மாதத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்கு என்னைப் பாடக் கூப்பிட்டது. மைதானம் அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள்.

"அங்க மட்டும் அதைப் பாடாத அண்ணே" என்றாள். "வேற எங்க வேணும்னாலும் பாடு. அங்க நீ பாடினேன்னா நான் அதுக்கப்புறம் அந்த கேட்டுக்குள்ள போக மாட்டேன்."

"பாட மாட்டேன்."

"சத்தியமா?"

"அம்மா மேல சத்தியம்."

அவளும் வந்தாள். வராமல் இருந்தால் அதற்கும் கதை வரும் என்று வந்தாள்.

வெள்ளிக்கிழமை, போட்டி முடிந்து பரிசளிப்புக்கு முன்னால், வெயில் இன்னும் சாயாத நேரம், மேடையில் ஏறினேன். தண்ணீர்ப் பாட்டைப் பாடினேன். நாய்ப் பாட்டைத் தொடங்கினேன். இரண்டாவது அடியிலேயே பின்பக்கத்தில் ஒருவன் அந்தச் சொல்லைக் கத்தினான். பிறகு பத்துப் பேர். பிறகு கை தட்டித் தாளத்தோடு மைதானம் முழுக்க. நான் பாடுவதை நிறுத்தினேன், இசையும் நின்றது. அவர்கள் நிறுத்தவில்லை.

இப்போது இதைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் புகழுக்கு ஆசைப்பட்டு வாக்கை மீறினேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இசை இல்லை. நான் மைக்கோடு சும்மா நிற்கிறேன். எனக்கு எதிரே ஒரு மைதானம் சனம், என் முகத்தைப் பார்த்து, அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பாட்டு இருந்தால் அது பாட்டு. பாட்டு இல்லாவிட்டால் அது வெறுமனே அந்தச் சொல். அதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. பாட்டைத் தொடங்கினால் இது மறுபடி பாட்டாகிவிடும் என்று நினைத்தேன். இசை போடுகிறவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

சனம் துள்ளியது. நானும் துள்ளினேன். ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிட்டது போலவும் இருந்தது.

அப்போது அறிவிப்பாளர் இன்னொரு மைக்கை எடுத்தார். நல்ல மனிதர், என்னை உண்மையாகவே பிடித்தவர். "எங்கட தம்பியின்ர சொந்தத் தங்கச்சியும் இங்கதான் நிக்கிறா. பிள்ளையள், அவாவை ஒருக்கா மேல விடுங்கோ!" என்றார். சிநேகிதிகள் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் வெள்ளைச் சீருடையில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அடுத்த 'சொல்லு' வந்தது. அதை என் வாய்தான் சொன்னது, நிறுத்தத் தெரியவில்லை. அறிவிப்பாளர் மைக்கை அவள் வாயருகே பிடித்தார்.

"வெக்கப்படாதேங்கோ தங்கச்சி, நீங்களும் ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னாள். சின்னக் குரலில், தெளிவாக. மைதானமே விசிலடித்தது.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. அம்மா அழுதார், அப்பா வேலைக்குப் போனார். அதிபர் ஆள் அனுப்பினார், வகுப்புப் பிள்ளைகள் வந்து கூப்பிட்டார்கள். அவள் எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். பரீட்சை மாதம் வர முதலே ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள்.

என் மேடைகள் அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தன. நான் விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. விடவில்லை. கூப்பிட்டார்கள், போனேன், பாடினேன். பிறகு வேறொருவன் வேறொரு பாட்டோடு வந்தான், கூப்பிடுவது நின்றது. நான் பழையபடி மேசன் வேலைக்குப் போனேன், மல்லாவியில் ஒரு அரிசி ஆலையில் நின்றேன், அங்கிருந்தும் கிளம்பினேன்.

போன வருடம் வவுனியாவில் வேலை செய்தபோது, பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். தங்கை கிணற்றடியில் தொழிற்சாலைச் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்து, படிவத்தை நனையாமல் பிடித்து முழுவதும் வாசித்தாள். திருப்பித் தந்தாள்.

"வீட்டில இருந்தே படிக்கலாம்" என்றேன். "ஒருத்தரையும் பார்க்கத் தேவையில்ல. நான் புத்தகம் வாங்கித் தாறேன்."

"எல்லாம் மறந்துபோச்சு அண்ணே."

"இன்னும் என் மேல கோவமா?"

"உன் மேல எதுக்கு கோவம்?" உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டாள். "நீ பாடாம இருந்தாலும் அவங்க சொல்லத்தான் செஞ்சிருப்பாங்க. அதெல்லாம் கேட்டுக்கிட்டு நான் பரீட்சை எழுதியிருப்பேன். ஆனா அன்னிக்கு நானே சொன்னேனே. அம்மாவையும் அப்பாவையும் அத்தனை பேருக்கு முன்னால நானே அப்படிச் சொன்னேன்."

சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், மரவள்ளி அவிந்துகொண்டிருக்கிறது என்றாள். சாப்பிட்டேன். அம்மா என் வேலையைப் பற்றி விசாரித்தார், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். படிவத்தை மேசையில் வைத்துவிட்டு வரலாமா என்று பார்த்தேன். வைத்தால் அதைத் தினமும் அவள்தான் பார்க்க வேண்டியிருக்கும். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முல்லைத்தீவில் ஒரு மீன் வாடிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டிருந்தேன். மூன்று மணி பஸ்ஸில் ஏறினேன்.