இனாயத்தின் முன்பற்கள்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலை ஒட்டிய சந்தில் இனாயத்தைத் தெரியாதவர் இல்லை. கல்யாண பேண்டில் கிளாரினெட் ஊதுகிறவர். அப்பா ஊதினார், மகனும் ஊதினார். அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டிய கதைதான். நாற்பத்திரண்டு ஏப்ரலில் அது திசை மாறியது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நேரம். மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் நடனத்துக்கு வாசித்துக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலோ இந்தியரும் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கிளம்பினார். வாத்தியக் கடையில் இனாயத்தோடு பழக்கமானவர். ரயிலில் சாமானுக்கு இடமில்லை என்று தன் சாக்ஸபோனைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் திரும்பி வந்தா குடு. வரலைன்னா வாசி" என்றார்.

அவர் வரவில்லை.

கிளாரினெட் பழகிய விரல்கள் பாதி வேலையைச் செய்தன. மீதியை, பட்டாளத்துக்காரர்கள் ஆடும் ஹாலின் வராந்தாவில் நின்று, உள்ளே சுழன்ற அமெரிக்க ஸ்விங் இசைத்தட்டுகளைக் கேட்டே இனாயத் பிடித்துக்கொண்டார். கேட்டதை வீட்டில் வாசிப்பார். மனைவி ஜமீலுன்னிசா அடுப்படியிலிருந்தே, "நேத்து அந்த எடத்துல இன்னும் கொஞ்சம் இழுத்தீங்களே" என்பாள். சந்துக்கே கேட்கிற சங்கீதத்தை அவளும் கேட்டுத்தானே ஆகவேண்டும்! அடுத்த வருஷம் அதே ஹாலில் மேடையேறி வாசித்தார்.

சண்டை முடிகிற சமயத்தில் இசைத்தட்டுக் கம்பெனி கூப்பிட்டது. தியாகராய நகரில் ஒரு பழைய பங்களாவை ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கியிருந்தார்கள். பதிவு பண்ணுகிறவர் சண்முகசுந்தரம், அம்பாசமுத்திரத்துக்காரர். பாட்டுக்கு நடுவில் வரும் துண்டு இசைக்குத்தான் முதலில் இனாயத்தை வைத்துக்கொண்டார். தட்டில் பாடினவர் பெயர் இருக்கும். ஊதினவர் பெயர் இருக்காது. அப்படியே ஒரு வருஷம் ஓடியது. நாற்பத்தாறில் சண்முகசுந்தரம் முதலாளியிடம் பேசிப் பேசி ஒரு சம்மதம் வாங்கினார். பாட்டே கிடையாது. ஒரு தட்டு, இரண்டு பக்கமும் சாக்ஸபோன், துணைக்குப் பியானோவும் டிரம்ஸும் மட்டும். இனாயத் என்று பெயர் போட்டு.

பதிவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் அந்த பஸ் விபத்து.

சைதாப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு இனாயத் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸின் குறுக்கே மாட்டுவண்டி வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். இனாயத் இரண்டு கையாலும் சாக்ஸபோனை அணைத்துப் பிடித்திருந்தார். கம்பியைப் பிடிக்கக் கை ஏது? முன் சீட்டில் முகம் மோதியது. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் போயின. வாத்தியத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

சாக்ஸபோன் ஊதுகிறவன் மேல்பல்லை மவுத்பீஸின் மேல் ஊன்றித்தான் ஊதவேண்டும். அந்தப் பிடி போனால் காற்றுதான் வரும், நாதம் வராது. லஸ்ஸில் பல் கட்டுகிற சீனாக்காரர் ஒருவர் இரண்டு பல் செய்து மாட்டிவிட்டார். சாப்பிட, சிரிக்க எல்லாம் சௌகரியமாக இருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போனால் மட்டும் பல் ஆடி 'டக் டக்' என்று தாளம் போட்டது. கழற்றி வைத்துவிட்டு ஊதினால் 'புஸ்' என்றது. இனாயத் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து மூடினார். சண்முகசுந்தரத்திடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

"இப்பிடியே பெட்டியப் பாத்துக்கினு குந்தினு இருந்தா பல்லு மொளைக்குமா?" என்றாள் ஜமீலுன்னிசா.

"இன்னா பண்ணச் சொல்ற?"

"நேத்து கோயில் ஊர்கோலம் போச்சே, பாத்தீங்களா? அந்த நாயனக்காரரு கடிச்சினா ஊதுறாரு? ரெண்டு ஒதட்டாலதான புடிச்சினு கீறாரு?"

"அடியே, அது சீவாளி. துளியூண்டு நாணல். இந்த மவுத்பீஸு கட்டை மாதிரி. அது வேற, இது வேற."

"வேறதான். ஒரு தபா செஞ்சிதான் பாருங்களேன்."

அவள் வாயை அடைக்கத்தான் செய்துபார்த்தார். மேலுதட்டை உள்ளே மடித்து, பல் இருந்த இடத்தில் அதையே மெத்தைபோல் வைத்து ஊதினார். எருமை கத்துவதுபோல் ஒரு சத்தம். ஜமீலுன்னிசா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதில் காற்று ஒழுகவில்லை. மறுநாளும் ஊதினார். உதடு வீங்கியது, ரத்தம் கட்டியது. பதிவு நாள் நெருங்கும்போது மெட்டு முழுசாக வந்தது. பழைய கணீர் குரல் போய்விட்டது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவதுபோல் ஒரு குரல் வந்திருந்தது. அது நல்லதா கெட்டதா என்று அவருக்கே விளங்கவில்லை.

பதிவு நாளில் கூடத்தின் ஜன்னல்களைக் கம்பளி போட்டு மூடி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தார்கள். ஒத்திகையைக் கேட்ட சண்முகசுந்தரம் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன பாய், சத்தம் வேற மாதிரில்லா கேக்கு? சளியா?"

இனாயத் வாயைத் திறந்து காட்டினார்.

"அடப்பாவி மனுசா! எங்கிட்டச் சொல்லப்படாதா?"

"சொன்னா வேணாம்னுடுவீங்களோன்னு பயம், சார்."

சண்முகசுந்தரம் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் சொல்லத் தெரியல. பதிவு பண்ணிப் பாத்துருவோம்" என்று உள்ளே போனார். சிவப்பு விளக்கு எரிந்தது. பியானோ, டிரம்ஸ் பக்கத்தில் இருக்க, இனாயத் கண்ணை மூடி வாசித்தார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம். இரண்டும் முடிந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

பதிவு விழுவது மெழுகுத்தட்டில்; அதை உடனே போட்டுக் கேட்க முடியாது. கேட்டால் மெழுகு கெட்டுவிடும். கல்கத்தாவுக்கு அனுப்பி, அங்கே தட்டு அடித்து, மாதிரி வரவேண்டும். அனுப்பிய கொஞ்ச நாளில், ஆகஸ்டில், இந்து முஸ்லிம் கலவரத்தில் கல்கத்தா பற்றி எரிந்தது. பத்திரிகையைப் பார்க்கவே முடியவில்லை. அங்கே ஜனங்கள் சாகிறார்கள், நான் ஒரு மெழுகுத்தட்டுக்காக அழுகிறேனே என்று இனாயத் தன்னையே நொந்துகொண்டார். ஆனாலும் தூக்கம் வரவில்லை. இறங்கிய சோறு பாதி, ஒதுக்கிய சோறு பாதி. மெழுகு போயிருந்தால் கம்பெனி இன்னொரு தரம் செலவு செய்யாது.

செப்டம்பர் கடைசியில் சண்முகசுந்தரம் ஆள் அனுப்பினார். "வீட்டம்மாவையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

ஜமீலுன்னிசா புர்க்காவைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். சண்முகசுந்தரம் கிராமபோன் முள்ளை எடுத்து, கல்கத்தாவிலிருந்து வந்த மாதிரித் தட்டில் வைத்தார். கரகரப்புக்குப் பின்னால் அந்த மெதுவான குரல் எழுந்தது. இனாயத் காதைக் கிட்டே கொண்டுபோனார். ஒழுகல் இல்லை, உடைசல் இல்லை. மேல் ஸ்தாயி பூப்போல ஏறி இறங்கியது.

"நல்லாருக்கா, சார்?" என்று கேட்டார்.

"காலையிலருந்து அஞ்சாறு தடவ போட்டுக் கேட்டுட்டேன். முதலாளியே உக்காந்து கேட்டாரு. அடுத்த தட்டுக்கு மெட்டு யோசியும் பாய்."

"எருமைன்னு சிரிச்சேனே" என்று புர்க்காவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சண்முகசுந்தரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. இனாயத் முன்பல் மாட்டாத வாயைத் திறந்து சிரித்தார்.

அந்தத் தட்டு ஓகோ என்று விற்கவில்லை, ஆனால் விற்றது. அடுத்தடுத்த வருஷங்களில் இன்னும் சில தட்டுகளும், கோடம்பாக்கத்துப் படங்களில் ஏராளமான துண்டு இசையும் அந்த உதட்டிலிருந்தே வந்தன.

அன்றைக்கு அதெல்லாம் அவருக்குத் தெரியாது. இருவரும் வெளியே வந்து பனகல் பார்க்கில் ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் தணிந்து காற்று வந்துகொண்டிருந்தது. வேர்க்கடலை வாங்கலாமா என்று ஜமீலுன்னிசா கேட்டுவிட்டுத் திரும்பினாள். இனாயத் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார். நல்ல தூக்கம், லேசான குறட்டையோடு. அவள் அவரை எழுப்பவில்லை. தனக்கு மட்டும் கொஞ்சம் கடலை வாங்கி, ஒவ்வொன்றாகத் தோல் நீக்கித் தின்றுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.